உத்தரட்டாதியில் பிறந்த இளவரசி

ஐரோப்பாவில் ஓர் இளவரசி சுகமாக இருக்கிறாளா என்று வாரத்துக்கு ஒரு தடவை பார்த்துவந்து சொல்வதுதான் ஒன்பது வயதில் எனக்கு இருந்த வேலை. யாரும் அதை வேலை என்று சொல்லித் தரவில்லை. இப்போது யோசித்தால் நானேதான் இழுத்துப் போட்டுக்கொண்டேனோ என்று சந்தேகமாக இருக்கிறது. எதையும் இழுத்துப் போட்டுக்கொண்டு, பிறகு சரியாகச் செய்தேனா என்று மூன்று தரம் திரும்பிப் பார்க்கிற குணம் எனக்கு அப்போதே இருந்திருக்க வேண்டும். என் மகள் பக்கத்து அறையில் தூங்குகிறாள். இந்த நாலைந்து வரியை எழுதுவதற்குள் இரண்டு தரம் எழுந்துபோய் அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

அப்போது நாங்கள் நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரத்து ஒடாஹுஹுவில் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா, அம்மா, நான். பின்வளவில் தனியாக இருந்த அறையில் அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா. அந்த வருடம் பள்ளிக்கூடம் தொடங்கிக் கொஞ்ச நாளில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் என் தங்கை பிறந்தாள். எட்டு வாரம் முந்திவிட்டாள். கடையில் விற்கும் ஒன்றரைக் கிலோ சீனிப் பையை அப்பா கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதிலும் கொஞ்சம் குறைவு" என்றார். பிறகு அதை ஏன் சொன்னோம் என்பதுபோலப் பையை அலுமாரியின் பின்பக்கம் தள்ளிவைத்தார்.

தங்கையை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். மூக்கில் குழாய், கன்னத்தில் பிளாஸ்டர். பெயர் வைக்கவில்லை. பெட்டியில் ஒட்டிய சீட்டில் இன்னாரின் குழந்தை என்று அம்மாவின் பெயர்தான் இருந்தது. அம்மா அங்கேயே தங்கிவிட்டார். பெட்டியை விட்டு அசைந்தால் உள்ளே ஏதாவது நடந்துவிடும் என்பது அவருடைய எண்ணம். ஊரில் விஞ்ஞானம் படிப்பித்த ஆசிரியை அவர். அது விஞ்ஞானம் அல்ல என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

பெரியப்பா சாதகம் கணிப்பார். ஊரில் நில அளவைத் திணைக்களத்தில் வேலை பார்த்தவர், இங்கே பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்குவதும் ஓர் அளவோடுதான் இருக்கும் என்று அப்பா சொல்வார். ஒவ்வொரு வருடமும் யாழ்ப்பாணத்திலிருந்து தபாலில் அவருக்குப் பஞ்சாங்கம் வரும். அதை அப்படியே வைத்துப் பார்க்கக் கூடாது, ஆக்லாந்தின் அட்சரேகைக்கு மாற்ற வேண்டும் என்று பெரிய கொப்பியில் பக்கம் பக்கமாகக் கணக்குப் போடுவார். கோடைகாலத்தில் இந்த நாட்டில் மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைப்பது அவருக்குப் பெரிய ஆத்திரம்.

"வெள்ளைக்காரன் மணிக்கூட்டைத் தள்ளி வைச்சிருக்கிறான். சூரியனுக்கு அது தெரியுமோ?" என்பார்.

தங்கையின் சாதகத்தை அந்த ஒரு மணி நேரத்துக்காகவே மூன்று தரம் கணித்தார். மூன்றாம் தரம் கொப்பியை மூடிவிட்டு வெளியே போய் மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். காலையில்தான் ஊற்றியிருந்தார். அன்று மாலை அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசியில் அவரிடம் கேட்டார்.

"அத்தான், என்ன மாதிரி இருக்கு?"

"நேரம் சரியாய்ப் பிடிபடேல்லை, தங்கச்சி. திருப்பிப் பார்க்க வேணும்."

அதற்குப் பிறகு அம்மா கேட்கவில்லை. அப்பா கொண்டுபோன சாப்பாடு அப்படியே திரும்பி வரத் தொடங்கியது. புட்டு, மேலே முட்டைப்பொரியல், ஒரு மூலையில் மட்டும் கிள்ளிய அடையாளம். அந்தப் பாத்திரங்களைக் கழுவியது நான்தான். ஏதோ சரியில்லை என்பது எனக்கு அந்தப் பாத்திரங்களில்தான் தெரிந்தது.

பத்தாம் நாள், ஒரு வியாழக்கிழமை, பெரியப்பா தன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு பெண்கள் வாரப் பத்திரிகை வாங்கினார். தெருமுனையில், இங்கே டெய்ரி என்று சொல்லும் சின்னக் கடையில் பால் வாங்கப் போனவர் அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். அன்று எங்களோடு ஆஸ்பத்திரிக்கும் வந்தார். தாழ்வாரத்தில் அம்மாவை வெளியே கூப்பிட்டு அட்டையைக் காட்டினார். வடக்கு ஐரோப்பாவில், வரைபடத்தில் என் விரல் நுனியால் மறைத்துவிடக்கூடிய ஒரு நாட்டின் இளவரசருக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது.

"இஞ்சை பார், தங்கச்சி. அதே நாள். காலமை ஒன்பது இருபது. எங்கட பிள்ளை ஒன்பது பத்து. ரெண்டும் உத்தரட்டாதி, மூண்டாம் பாதம். எனக்கு இவ்வளவு நாளும் பிடிபடாமல் இருந்தது இதுதான். இது ராச சாதகம். அரண்மனைப் பிள்ளை நல்லாயிருந்தால் எங்கட பிள்ளையும் நல்லாயிருக்கும். இதிலை மாற்றமில்லை."

அம்மா அட்டையிலிருந்த குழந்தையையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் அப்பாவிடம், "சாப்பாடு கொண்டு வந்தனீங்களோ?" என்று கேட்டார். அன்று பாத்திரம் காலியாக வந்தது.

அங்கே காலை ஒன்பது இருபது என்றால் இங்கே இரவு ஒன்பது இருபது. போன வருடம் என் மகளுக்குச் சாதகம் பார்க்கக் கைபேசியில் ஒரு செயலி இறக்கினேன். நம்பிக்கை உண்டா என்று கேட்டால் இல்லை என்பேன், ஆனாலும் இறக்கினேன். அதில் அந்தப் பழைய நாளையும் போட்டுப் பார்த்தேன். தங்கை உத்தரட்டாதிதான். இளவரசி பிறந்தபோது சந்திரன் ரேவதிக்குள் போய்விட்டிருந்தது. ஒரு மணி நேரத்துக்காக மூன்று தரம் கணக்குப் போட்ட மனிதர் பன்னிரண்டு மணி நேரத்தை எப்படி மறந்தார்? பெரியப்பா இப்போது இல்லை. இருந்து, நான் கேட்டிருந்தாலும், மிளகாய்க்குத் தண்ணீர் ஊற்றத்தான் போயிருப்பார்.

அந்த நாளிலிருந்து இளவரசி வீடு எங்களுக்குச் சொந்தக்காரர் வீடு மாதிரி ஆகிவிட்டது. அம்மாவுக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும். ஆனால் எங்களைப் பார்க்கத் தாழ்வாரம்வரை வருவதைத் தவிரப் பெட்டியை விட்டு நகரமாட்டார். பத்திரிகைகளை உள்ளே கொண்டுபோகவும் விடமாட்டார்கள். ஆகவே வியாழக்கிழமைகளில் பள்ளிக்கூடம் விட்டதும் நான் டெய்ரிக்குப் போய், புத்தகப் பையைக் கழற்றாமலே நின்று புது இதழைப் படித்துவிட்டு, மாலையில் அம்மாவிடம் தமிழில் சொல்ல வேண்டும். கடைக்காரி பிஜியிலிருந்து வந்த இந்தியப் பெண். நான் உதட்டை அசைத்து வாசிப்பதைப் பார்த்து, "இது லைப்ரரி இல்லை, டார்லிங்" என்பார். ஆனால் துரத்தமாட்டார்.

இளவரசியின் பெயர் ஒடிலியா. அதற்குப் பின்னால் இன்னும் ஐந்து பெயர்கள். இளவரசியின் தாய் அரச குடும்பத்துப் பெண் இல்லை. பல் வைத்தியரிடம் உதவியாளராக இருந்தவர், இளவரசர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போன இடத்தில் சந்தித்தாராம். தாத்தா ராஜாவுக்கு ஒரு காது கேட்காது, அரண்மனைத் தோட்டத்தில் தேனீ வளர்க்கிறார். இளவரசரின் தங்கை ஓர் ஏரிக்கரை வீட்டுக்காகத் தாயோடு கோபித்துக்கொண்டு மூன்று வருடமாக அரண்மனைக்கு வருவதில்லை.

"அங்கையும் காணி வளவுப் பிரச்சினைதானோ?" என்றார் அம்மா.

"ராசா வீட்டிலையே அப்பிடியெண்டால் நானும் அண்ணையும் எவ்வளவோ திறம்," என்றார் அப்பா. "நீ அந்த ஆறு பெயரிலை ஒண்டை எங்கட பிள்ளைக்குத் தரச் சொல்லிக் கேளன். அவையளுக்கு மிச்சம்தானே."

"சும்மா இருங்கோ. காதல் கலியாணமோ பிள்ளை? அந்தத் தாய்க்காரி பிள்ளைக்குப் பால் குடுக்கிறாவாமோ?"

அது பத்திரிகையில் இல்லை. ஆனால் இல்லை என்று சொன்னால் அம்மாவின் முகம் வாடும். "ஓம், குடுக்கிறாவாம்" என்றேன். முதல் பொய் அதுதான் என்று நினைக்கிறேன். சின்னப் பொய். அம்மா அன்று, "எங்கட ஆளுக்கு இண்டைக்கு இருபது கிராம் கூடியிருக்கு" என்று கண்ணாடி ஜன்னல் வழியே பெட்டியைக் காட்டினார். இளவரசியும் இருபது கிராம் கூடியிருப்பாள் என்று நானும் நினைத்துக்கொண்டேன். இரண்டு பிள்ளைகளையும் ஒரே கயிற்றில் கட்டியிருப்பதுபோலவும், கயிற்றின் நடுவை நான் பிடித்திருப்பதுபோலவும் ஓர் உணர்வு. வகுப்பில் ஆசிரியை கேட்ட கேள்விகள் காதில் விழாது. வியாழன் எப்போது வரும் என்று இருக்கும், வந்ததும் இன்னும் ஒரு நாள் தள்ளியிருக்கலாமே என்று இருக்கும்.

முப்பத்தோராம் நாளும் வியாழக்கிழமைதான். அட்டையின் மூலையில் ஒரு சின்னப் படம். கறுப்புக் கண்ணாடி போட்ட இளவரசியின் தாய், காரிலிருந்து இறங்குகிறார். உள்ளே இரண்டு பக்கம். ஒடிலியாவுக்கு மூச்சுத் தொற்று. ஆஸ்பத்திரியில் குழாய் போட்டிருக்கிறார்கள். இளவரசர் வெளிநாட்டுப் பயணத்தைப் பாதியில் விட்டுத் திரும்பிவிட்டார். அரண்மனை வெளியிட்டது ஒரே ஒரு வரி.

மூன்று தரம் வாசித்தேன். மூன்றாம் தரம் வேறு மாதிரி இருக்குமோ என்று நினைத்தேன். பிறகு கை தானாக வேலை செய்தது. தட்டில் இருந்த ஏழு பிரதிகளையும் எடுத்து மீன்பிடி, மோட்டார் சைக்கிள் பத்திரிகைகளுக்குப் பின்னால் செருகினேன். பெரியப்பா பால் வாங்க வருவார், அப்பா பாண் வாங்க வருவார், யார் கண்ணிலும் படக் கூடாது.

"அங்கே என்ன செய்கிறாய்?" கல்லாவிலிருந்து கடைக்காரி கேட்டார்.

"ஒழுங்காக அடுக்குகிறேன், ஆன்ட்டி."

என் பொறுப்பை மெச்சி அவர் எனக்கு ஒரு லாலிபாப் தந்தார். வழிநெடுக அதைப் பிரிக்காமல் கையில் பிடித்துக்கொண்டே போனேன். பிரித்தால் ஏதோ ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் போலிருந்தது.

ஆஸ்பத்திரியில் எனக்கு இன்னொரு அதிர்ச்சி. அங்கே காத்திருக்கும் அறையில் கிடப்பவை எல்லாம் மூன்று நாலு வருடத்துக்கு முந்தைய பத்திரிகைகள். அன்றைக்கென்று யாரோ புது இதழை வாங்கிப் படித்துவிட்டு மேசையில் போட்டுப் போயிருந்தார்கள். அப்பா கார் நிறுத்தப் போயிருந்தார். நான் அதை எடுத்து நாற்காலி மெத்தைக்கு அடியில் தள்ளி அதன்மேல் உட்கார்ந்தேன். டோங்கா நாட்டுத் தாதி ஒருவர், பெரிய உருவம், எப்போதும் மெல்லப் பாடிக்கொண்டே நடப்பவர், வாசலில் நின்று பார்த்தார். "வசதியாக இருக்கிறதா, ஸ்வீட்டி?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"இளவரசி என்ன மாதிரி?"

"நல்லாயிருக்கிறா."

"என்ன செய்யிறாவாம்?"

"சிரிக்கிறாவாம். நிறை கூடிட்டுதாம். தாத்தா தேன் குடுக்கப் போனவராம், டொக்டர் வேண்டாமெண்டிட்டாராம்." போதவில்லை என்று பட்டது. இன்னும் உறுதியாக ஒன்று வேண்டும். "பல்லும் வந்திட்டுது."

"பல்லோ?"

"ஓம். கீழ ரெண்டு."

அம்மா என்னையே பார்த்தார். ஒரு மாதக் குழந்தைக்குப் பல் வராது என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்த ஒரே குழந்தையின் வாயைக் குழாயும் பிளாஸ்டரும் மறைத்திருந்தன. அம்மா திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தங்கை பிறந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"ரெண்டோ! கெட்டிக்காரி," என்றார்.

இளவரசியைத்தான் சொல்கிறார் என்று நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

பிள்ளைகளுக்கு வருத்தம், நோய் என்று வரும் கதைகளை என்னால் இப்போது கடைசிவரை வாசிக்க முடிவதில்லை. முதலில் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிடுவேன். வாசிப்பவர்களில் என்னைப் போல ஒருத்தி இருந்தால் அவளுக்காகச் சொல்லிவிடுகிறேன்: இரண்டு பிள்ளைகளும் பிழைத்தார்கள். தங்கை ஆக்லாந்தின் வடக்கே ஆல்பனியில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், போன் எடுப்பதில்லை. ஒடிலியா பனிச்சறுக்கில் காலை முறித்துக்கொண்டதாகச் சில வருடங்களுக்கு முன் எங்கோ பார்த்தேன். ஆனால் அந்த வாரம் எங்களில் யாருக்கும் இது தெரியாது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பிள்ளை பிறந்த முப்பத்தொரு நாள் துடக்குக் கழிந்திருந்தது. அதுவரை நாங்கள் கோயிலுக்குப் போகக் கூடாது. அன்று மாலை அப்பா என்னைக் குளிக்கச் சொல்லி அழைத்துக்கொண்டு போனார். அர்ச்சனைத் தட்டோடு, சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து ஐயரிடம் நீட்டினார். காலையில் சாப்பாடு கொடுக்கப் போனபோது அம்மா எழுதிக் கொடுத்தது. அம்மாவின் உருண்டை எழுத்தில் இரண்டு வரி. நான் எட்டிப் பார்த்தேன்.

மேலே: ஒடிலியா, உத்தரட்டாதி. கீழே: குழந்தை, உத்தரட்டாதி.

ஐயர் காகிதத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தார். "ஆரிது, ஒடிலியா?"

"தெரிஞ்ச ஆக்களின்ரை பிள்ளை, ஐயா."

"கோத்திரம்?"

அப்பா தலையைச் சொறிந்தார். "அது கேக்கேல்லை."

"அப்ப சிவ கோத்திரம்," என்று ஐயர் திரும்பிவிட்டார். தேனீ வளர்க்கும் ராஜாவின் பேத்தி சிவ கோத்திரத்தில் சேர்ந்து, உத்தரட்டாதி நட்சத்திரத்தில் நின்று, சமஸ்கிருதத்தின் நடுவே ஒருமுறை ஒலித்து மறைந்தாள். அவளுக்குப் பிறகுதான் என் தங்கை, பெயர்கூட இல்லாமல், வெறும் குழந்தை என்று.

எனக்கு வந்த கோபத்தை இப்போதும் உடம்பில் உணர முடிகிறது. மூன்று வாரமாக நான் காவல் நிற்கிறேன். ஏழு பிரதிகளை ஒளித்தேன். தேன், பல் எல்லாம் உண்டாக்கினேன். எல்லாம் எங்கள் பிள்ளைக்காக. அம்மா அவளையல்லவா முதலில் எழுதியிருக்கிறார். காரில், மடியில் தேங்காய் மூடி ஆட, கேட்டேன்.

"அம்மா ஏன் அவளை முதல் எழுதினவ?"

"எழுதித் தந்ததைக் குடுத்தனான். எனக்கென்ன தெரியும்? தட்டைச் சரிக்காதை."

அப்பாவுக்கு உண்மையிலேயே அப்போது தெரியாது. வெகுகாலத்துக்குப் பிறகு அம்மா அவரிடம் சொன்னதை, போன வருடம் என் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் காத்திருக்கையில் அவர் எனக்குச் சொன்னார். அந்த வியாழக்கிழமை நாங்கள் வீட்டுக்குப் போன பிறகு டோங்காத் தாதி மெத்தைக்கு அடியிலிருந்த பத்திரிகையை எடுத்துக்கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தாராம். உன் மகள் உனக்காக ஒளித்துவைத்திருக்கிறாள், ஏதோ பரிசு போலிருக்கிறது என்றாராம். அம்மா தாழ்வாரத்தில் நின்றபடியே இரண்டு பக்கத்தையும் வாசித்தாராம்.

இதெல்லாம் தெரியாமல்தான் வெள்ளி மாலை ஆஸ்பத்திரிக்குள் போனேன். அம்மா வெளியே வந்தார். கண் சிவந்து வீங்கியிருந்தது. தூக்கமில்லை என்று நினைத்தேன். அப்பா திருநீற்றுப் பொட்டலத்தைக் கொடுத்தார். அம்மா ஒரு விரலால் தொட்டு முதலில் என் நெற்றியில் பூச வந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"என்ன பிள்ளை? இளவரசி என்ன மாதிரி?" என்றார், வழக்கம்போல.

அந்தக் கேள்விதான் என்னை உடைத்தது. மூன்று வாரமாகக் கட்டிக் காத்ததை ஒரு நொடியில் கொட்டினேன். "உங்கட இளவரசிக்கு வருத்தம். மூச்சு எடுக்கேலாது. குழாய் போட்டிருக்கு. அவ ஆஸ்பத்திரியிலை."

சொன்ன அதே கணத்தில் எனக்குத் தெரிந்தது. கயிற்றை விட்டுவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தங்கையின் பெட்டியில் சின்ன விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. அது நிற்கப் போகிறது என்று காத்திருந்தேன். அம்மா இப்போது அலறுவார், ஓடுவார், அல்லது என்னை அடிப்பார். எதற்கும் தயாராகக் கண்ணை இறுக்கினேன்.

விளக்கு நிற்கவில்லை. அம்மா அலறவுமில்லை. நெற்றியில் திருநீறு பட்டது, குளிர்ந்த விரல், கைகழுவும் மருந்தின் மணம். கண்ணைத் திறந்தபோது அம்மா என்னைப் பார்க்கவில்லை. தாழ்வாரத்தின் கடைசி ஜன்னலுக்கு வெளியே, கார் நிறுத்தும் இடத்துக்கு மேலாக எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாவம், அந்தத் தாய்," என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அந்தத் தாய்க்கு என்ன? அரண்மனை இருக்கிறது, கார் இருக்கிறது, பயணத்தை விட்டுவிட்டு ஓடிவந்த இளவரசர் இருக்கிறார். நான் சொன்னது பிள்ளைக்கு வருத்தம் என்றுதானே. அம்மா ஏன் தாயைப் பற்றிப் பேசுகிறார் என்று யோசித்துக்கொண்டே, அப்பாவின் கையைப் பிடித்து, மின்தூக்கி வரும்வரை நின்றேன்.